ஹன்லேவுக்கு நாமே வானிலை கணிப்பது எப்படி? உயரப் பாலைவனக் கிராமத்துக்கான முழுமையான வழிகாட்டி

லடாக்கில் இருக்கும் ஹன்லே என்ற பெயரைப் போன் ஆப்பில் தட்டினால் வெப்பநிலை, காற்று வேகம், சிரிக்கிற சூரியன் படம் எல்லாம் ஒரு நொடியில் வந்துவிடும். ஊரில் யாரோ அளந்து அனுப்பிய எண்கள் என்று நினைத்துவிட வேண்டாம். மலைகளைத் தேய்த்து மழுங்கடித்த ஒரு வரைபடத்தின் மேல் கணினி போட்ட கணக்கு அது. மதுரைக்கோ திருச்சிக்கோ இந்தக் கணக்கு ஓரளவு சரியாக வரும், ஏனென்றால் தரை தட்டை. ஹன்லேயில் பத்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் உயரம் ஆயிரம் மீட்டர் மாறும். அங்கே ஆப் சொல்வதை அப்படியே நம்பிக் கிளம்பினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். அதற்காக ஆப்பைத் தூக்கி எறியவும் வேண்டாம். அது சொல்வதில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் திருத்துவது, எதைக் கண்டுகொள்ளாமல் விடுவது என்று தெரிந்தால் போதும்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். லடாக்கின் தென்கிழக்கில், சாங்தாங் மேட்டுநிலத்தில், சுமார் 4,250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது ஹன்லே. நம் தொட்டபெட்டா சிகரத்தைவிட 1,600 மீட்டர் மேலே. ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையையும் பனியையும் கூட்டினாலும் 10 செ.மீ. தேறாது. ஐப்பசியில் சென்னை ஒரே நாளில் வாங்கிக்கொள்ளும் அளவு அது. ஊருக்குப் பக்கத்துக் குன்றின் மேல் 4,500 மீட்டர் உயரத்தில் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் ஹிமாலயன் சந்திரா தொலைநோக்கி 2000ஆம் ஆண்டிலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நம் காவலூர், கொடைக்கானல் ஆய்வகங்களை நடத்துவதும் இதே நிறுவனம்தான். 2022 டிசம்பரில் இந்தப் பகுதி இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பிறகு, நட்சத்திரம் பார்க்கத் தமிழ்நாட்டிலிருந்தும் நிறையப் பேர் கிளம்புகிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். லே நகரில் உட்கார்ந்துகொண்டு, அடுத்த மூன்று நாளைக்கு ஹன்லே எப்படி இருக்கும் என்று ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். இமாச்சலப் பிரதேசத்து ஸ்பிதியின் காசா போன்ற ஊர்களுக்கும் இதே முறை பொருந்தும்.

முதல் படி: இடத்தை விட முக்கியம் உயரம்

ஊர்ப் பெயரைத் தேடாதீர்கள். வரைபடத்தில் ஊர் இருக்கும் புள்ளியிலேயே ஊசி குத்தி அதைச் சேமித்துக்கொள்ளுங்கள். பல ஆப்களில் இடத்தின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் உயரமும் சின்ன எழுத்தில் இருக்கும். யாரும் கவனிக்காத எண் அது. நமக்கு அதுதான் முதல் தேவை. ஆப் 4,700 மீட்டர் என்று காட்டினால், அது ஊருக்கான கணிப்பு இல்லை, பக்கத்து மலைச்சரிவுக்கான கணிப்பு. 450 மீட்டர் வித்தியாசத்துக்குச் சுமார் 3 டிகிரி கூட்டிக்கொள்ள வேண்டும்.

கணக்கு எளிது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி இறங்கும். காற்று நன்றாகக் காய்ந்து, வெயில் தரையைச் சுட்டு, காற்று மேலும் கீழும் கலக்கும் பிற்பகல்களில் இது 9.8 டிகிரிக்குப் பக்கத்தில் போகும். லே 3,500 மீட்டர், ஹன்லே 4,250. ஆக, லேயில் பகல் 20 டிகிரி என்றால் ஹன்லேயில் 13 முதல் 15 வரை எதிர்பார்க்கலாம்.

இந்தக் கணக்கு பகலுக்கு மட்டும். இரவில் இது தலைகீழாகவும் போகலாம். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் குளிர்ந்த காற்று கனமாகி, சரிவில் வழிந்து பள்ளத்தாக்கின் அடியில் தேங்கும். அப்போது குன்றின் மேலே இருப்பவரைவிடக் கீழே ஊரில் படுத்திருப்பவருக்குத்தான் அதிகக் குளிர். ஹன்லே அகலமான, தட்டையான சமவெளியில் இருப்பதால் இந்தத் தேக்கம் அங்கே சகஜம். தெளிந்த இரவுக்கு ஆப் சொல்லும் குறைந்தபட்ச வெப்பநிலையிலிருந்து இன்னும் இரண்டு மூன்று டிகிரி கழித்துக்கொள்வது என் பழக்கம்.

போகும் வழியின் உயரங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். லேயிலிருந்து உப்ஷி, சுமதாங், மாஹே, நியோமா, லோமா என்று சிந்து நதியை ஒட்டியே போனால் பெரிய கணவாய் எதுவும் குறுக்கே வராது. பாங்காங் ஏரியைச் சுற்றிக்கொண்டு வருவதாக இருந்தால் 5,360 மீட்டர் உயர சாங் லா கணவாயைத் தாண்ட வேண்டும். ஊரில் வெயில் அடிக்கிற அதே நேரத்தில் கணவாயில் பனி கொட்டும். ஆகவே புறப்படும் இடம், வழியின் உச்சி, போய்ச் சேரும் ஊர் என மூன்று புள்ளிகளுக்குத் தனித்தனியாகப் பார்த்தால்தான் அது பயணத்துக்கான கணிப்பு.

இரண்டாம் படி: இந்த மாதம் வழக்கமாக என்ன செய்யும்?

நாளைய வானத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மாதத்தைப் பாருங்கள். கணிப்பு தெளிவில்லாமல் இருந்தால் கடைசியில் கைகொடுப்பது இதுதான்.

நவம்பரிலிருந்து மார்ச் வரை உறைகுளிர். இரவில் பூஜ்யத்துக்குக் கீழே 20, 25 டிகிரி என்பது அங்கே செய்தியே இல்லை. இந்தப் பருவத்தில் வானத்தைக் கெடுப்பவை மேற்கத்திய இடையூறுகள், அதாவது மேற்கிலிருந்து நகர்ந்து வரும் குளிர்ந்த சுழல்கள். ஏப்ரல், மே மாதங்களில் காற்றும் தூசியும். ஜூன் நல்ல மாதம். ஜூலை, ஆகஸ்டில் தென்மேற்குப் பருவக்காற்றின் மிச்சம் மீதி இமயமலையைத் தாண்டி அவ்வப்போது எட்டிப்பார்க்கும். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை வானம் துடைத்து வைத்ததுபோல இருக்கும். நட்சத்திரத்துக்காகவே போகிறவர்கள் வேறு மாதத்தை யோசிக்கவே வேண்டாம் என்பேன். குளிரைத் தாங்க முடிந்தால் நவம்பர் முதல் வாரமும் சரி.

நல்ல வானிலை என்பது யாருக்கு நல்லது என்பதும் அங்கே கொஞ்சம் மாறும். நம் ஊரில் விவசாயி மேகத்தை எதிர்பார்ப்பார். லடாக்கில் வாற்கோதுமை விதைத்தவர் வெயிலை எதிர்பார்ப்பார். மலையில் கிடக்கும் பனி உருகி ஓடையில் வந்தால்தான் வயலுக்குத் தண்ணீர். மேகம் மூடிய மே மாதம் என்றால் வாய்க்காலில் தண்ணீர் சுருங்கும், யாருக்கு எப்போது பாய்ச்சல் என்று முறை வைத்துத் தண்ணீர் திறக்கும் ‘சுர்போன்’ என்கிற ஊர்க்காரருக்குத் தலைவலி கூடும். ஹன்லே பக்கம் ஆடு மேய்க்கும் சாங்பா மக்களுக்கோ பனிதான் பயம். மேய்ச்சல் நிலத்தைப் பனி மூடினால் பஷ்மினா ஆடுகளுக்குத் தீனி கிடையாது. 2013இல் குளிர்காலக் கடைசியில் பெய்த கடும்பனியில் சாங்தாங்கில் ஆயிரக்கணக்கான ஆடுகள் செத்துப்போயின. சுற்றுலாப் பயணி ‘ஆஹா, பனி!’ என்று குதிக்கும்போது வீட்டுக்காரர் ஏன் சிரிக்கவில்லை என்று இப்போது புரியும்.

மூன்றாம் படி: மேற்கே பாருங்கள்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக் கடலையே பார்த்துப் பழகிய கண் நமக்கு. ஹன்லேவுக்கு அந்தக் கண்ணை மேற்கே திருப்ப வேண்டும். மத்தியதரைக் கடல் பக்கம் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக மேல்காற்றோடு நகர்ந்து வரும் குளிர்ந்த சுழல்களைத்தான் மேற்கத்திய இடையூறு என்கிறார்கள். இவை நம் புயல்களைப்போல அங்கே இங்கே என்று ஆட்டம் காட்டுவதில்லை. இரண்டு மூன்று நாள் முன்பே தெரிந்துவிடும்.

இன்சாட் செயற்கைக்கோள் படங்களை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்திலேயே அரை மணிக்கொரு முறை பார்க்கலாம். ஆப்கானிஸ்தானின் மேல் அகலமான வெள்ளைப் பட்டை தெரிந்து, அடுத்த நாள் அது காஷ்மீருக்கு நகர்ந்திருந்தால், உங்கள் இரண்டாவது இரவு கெட்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எடுத்த படத்தில் மேகமும் வெள்ளை, மலைமேல் கிடக்கும் பனியும் வெள்ளை. ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு லடாக் முழுக்க மேகம் என்று பதறக்கூடாது. ஐந்தாறு மணி நேரப் படங்களை ஓடவிட்டுப் பாருங்கள். நகர்ந்தால் மேகம். நகராமல், மரக்கிளைபோலப் பள்ளத்தாக்குகள் கறுப்பாகப் பிரிந்து தெரிந்தால் பனி.

அடுத்தது, விண்டி போன்ற தளங்களில் மாடல், அதாவது கணினி போடும் வானிலைக் கணக்கு, பார்ப்பவர்களுக்கு. சென்னை மழைக்காக 850 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அளவு) காற்று வரைபடம் பார்த்துப் பழகியிருப்பீர்கள். அது கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். லடாக்கில் அந்த உயரம் பாறைக்கு உள்ளே இருக்கிறது! 700 ஹெக்டோபாஸ்கலும் அப்படித்தான், சுமார் 3,000 மீட்டர். அங்கே அழகாகச் சுழித்து ஓடும் காற்றுக்கோடுகள் எல்லாம் கணினி ஒப்புக்கு நிரப்பியவை. ஹன்லேயின் தரைக்குப் பக்கத்தில் வருவது 600 ஹெக்டோபாஸ்கல். மேலே என்ன நகர்கிறது என்று பார்க்க 500, அதாவது சுமார் 5,800 மீட்டர். இந்த இரண்டு மட்டும் போதும். கடல்மட்ட அழுத்த வரைபடத்தையும் மூடிவிடுங்கள். நாலாயிரம் மீட்டர் மலையை இல்லாததாகக் கற்பனை செய்து போட்ட கணக்கு அது.

மேகப் படத்திலும் இதே கதை. தாழ்மேகம், இடைமேகம், உயர்மேகம் என்ற பிரிவு சமவெளிக்காரர்களுக்காகப் போட்டது. தாழ்மேகம் பூஜ்யம் என்று பார்த்துவிட்டு இரவு தெளிவு என்று முடிவு செய்தால், மேலே மெல்லிய கீற்று மேகம் பரவி பால்வீதியையே மங்கடித்துவிடும். மூன்றையும் பாருங்கள், முக்கியமாக உயர்மேகத்தை.

இடையூறு வருவதற்கு முந்தைய இரவு பெரும்பாலும் கதகதப்பாக இருக்கும், மேகம் போர்த்திக்கொள்வதால். அது கடந்துபோன மறுநாள் இரவு வானம் பளிச்சென்று இருக்கும், குளிர் அடித்து நொறுக்கும். நல்ல நட்சத்திர இரவும் மோசமான குளிரும் சேர்ந்தேதான் வரும். புதுப் பனி கிடந்தால் இன்னும் மோசம்.

நான்காம் படி: மழையின் அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

2010 ஆகஸ்ட் 5ஆம் தேதி நள்ளிரவுவாக்கில் லேயைச் சுற்றி மேகவெடிப்பு. சோக்லம்சார் உள்ளிட்ட குடியிருப்புகள் சேற்றில் புதைந்தன. 200 பேருக்கு மேல் இறந்தார்கள். மறுநாள் காலை லேயின் மழைமானியில் பதிவான 24 மணி நேர மழை 12.8 மி.மீ. வானிலைத் துறையின் வகைப்பாட்டில் 2.5 முதல் 15.5 மி.மீ. வரை பெய்தால் அதற்குப் பெயர் லேசான மழை. அட்டவணைப்படி பார்த்தால் அன்று லேயில் பெய்தது லேசான மழைதான்.

மழைமானி பொய் சொல்லவில்லை. மேகம் கொட்டியது சில கிலோமீட்டர் தள்ளி, மலைச்சரிவுகளின் மேல். நம் ஊரில் மழை பெய்தால் மண் குடிக்கும், செடிகொடி பிடித்துக்கொள்ளும். அங்கே சரிவில் புல் கூடக் கிடையாது. தளர்ந்த கல்லும் மண்ணும்தான் குவிந்து கிடக்கும். கால் மணி நேரம் கொட்டினால் போதும், தண்ணீராகக் கிளம்பியது வழியில் கல்லையும் மண்ணையும் அள்ளிக்கொண்டு கெட்டிச் சேறாகப் பள்ளத்தாக்கு வாயில் வந்து விழும். ஊர்களும் கூடாரங்களும் இருப்பது பெரும்பாலும் அந்த வாயில்தான், ஏனென்றால் தட்டையான நிலமும் தண்ணீரும் கிடைப்பது அங்கேதான்.

ஆகவே ஜூலை, ஆகஸ்டில் மழைக் கணிப்பைப் படிக்கும்போது அளவுகோலை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 2, 3 மி.மீ. என்று மாடல் காட்டினால் சென்னைக்காரர் குடை கூட எடுக்கமாட்டார். லடாக்கில் அதற்கு அர்த்தம், எங்காவது ஒரு மலைமேல் இதைவிடப் பல மடங்கு கொட்ட வாய்ப்பு உண்டு என்பது. 10 மி.மீ.க்கு மேல் காட்டினால் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள், விவாதமே வேண்டாம். மாடல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கட்டத்துக்குச் சராசரி போடுகிறது. மேகவெடிப்பு அந்தக் கட்டத்தின் ஒரு மூலையில் முடிந்துவிடும் சமாச்சாரம். 2025 மே மாதம் வந்த பாரத் முன்னறிவிப்பு முறை இந்தக் கட்டத்தை 6 கி.மீ.க்குக் குறைத்திருக்கிறது. நல்ல முன்னேற்றம்தான், ஆனால் ஓர் ஓடைக்கு 6 கி.மீ.யும் பெரிசு.

மழையின் நேரத்தையும் கவனியுங்கள். ஒரு தேதிக்கான மழை என்று வானிலைத் துறை தருவது முந்தைய நாள் காலை 8.30 முதல் அன்று காலை 8.30 வரை பெய்தது. ஆகஸ்ட் 6 என்று பதிவானது 5ஆம் தேதி ராத்திரி பெய்த மழையாக இருக்கலாம். பழைய பதிவுகளோடு ஒப்பிடும்போது இதில் பலர் குழம்புகிறார்கள்.

விடாமல் பெய்யும் மெல்லிய தூறலும் அங்கே தொல்லைதான். அங்கே வீடுகளுக்கு மரக்கழி, புல், மண் வைத்து மெத்திய தட்டைக் கூரைகள். பனியைத் தள்ளிவிட ஏற்ற கூரை, நாள் முழுக்க நனைந்தால் ஒழுகும். தங்கும் வீட்டில் அறை தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் ஆகஸ்டில் இதையும் யோசித்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: கடிகாரத்தோடு படியுங்கள்

உயரப் பாலைவனத்தில் தேதியைவிட மணி முக்கியம். ஒரே நாளில் 15, 20 டிகிரி ஏறி இறங்கும் இடம். குறைந்தபட்சம் வருவது நள்ளிரவில் அல்ல, சூரியன் எழும் நேரத்தில். பத்து, பதினொரு மணிக்கு மேல் காற்று கிளம்பி, பிற்பகலில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் இருட்டிய பிறகு அடங்கும். மேகக் குவியல்களும் மதியத்துக்கு மேல்தான் வளரும்.

லே விமானங்கள் காலையிலேயே வந்துபோவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் சூடு. விமான நிலையமே 3,256 மீட்டரில் இருக்கிறது, காற்று ஏற்கெனவே மெலிந்தது. வெயில் ஏறினால் இன்னும் மெலியும், பாரத்தோடு விமானம் எழும்ப முடியாது. 2024 ஜூலைக் கடைசியில் வழக்கத்துக்கு மாறான வெப்பத்தால் லேயில் பல விமானங்கள் ரத்தாயின. குளிருக்குப் பயந்து போகிற ஊரில் வெயிலால் மாட்டிக்கொள்ளவும் நேரும். ஜூலையில் போகிறவர்கள் திரும்பும் நாளுக்கு முன் ஒரு நாளைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையில் குறுக்கே ஓடும் ஓடைகளுக்கும் கடிகாரம் உண்டு. காலையில் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர், பகல் வெயிலில் மேலே பனி உருகி, மாலை நான்கு, ஐந்து மணிக்கு முழங்காலுக்கு மேல் வந்துவிடும். பாங்காங் போகும் சாலையில் இப்படி ஓர் ஓடைக்கு ‘பாகல் நாலா’, பைத்தியக்கார ஓடை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வானத்தில் ஒரு மேகம் கூட இல்லாத நாளில்தான் இது அதிகம் பொங்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆப் சூரியன் படம் போட்டிருக்கும், சாலை மூடியிருக்கும். ஓடை தாண்டும் வேலையைக் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

வெப்பநிலையைக் காற்றோடு சேர்த்துப் படியுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி, மணிக்கு 30 கி.மீ. காற்று என்றால் உடம்புக்கு அது கீழே 20 டிகிரிபோலத் தெரியும். தொலைநோக்கிக்குப் பக்கத்தில் அசையாமல் நிற்கிறவருக்குக் கேட்கவே வேண்டாம். பகலில் புற ஊதாக்கதிர் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் என்று ஏறுகிறது. குளிர்கிறதே என்று முகத்தை மூடாமல் போனால் இரண்டாம் நாள் மூக்கு உரியும்.

ஆறாம் படி: அரசு எச்சரிக்கையை எப்படி எடுத்துக்கொள்வது

2020 டிசம்பர் கடைசியில்தான் லேயில் வானிலை மையம் திறந்தார்கள். அதுவரை ஸ்ரீநகரிலிருந்துதான் லடாக்குக்கும் சேர்த்துக் கணிப்பு. இப்போது தினசரி அறிக்கை, மூன்று மணி நேரத்துக்கான உடனடி எச்சரிக்கை எல்லாம் லேயிலிருந்தே வருகின்றன. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்கள் நமக்குப் பழகியவைதான். ஆனால் நிறம் பூசுவது மாவட்டத்துக்கு. பழைய லே மாவட்டத்தின் பரப்பு சுமார் 45,000 சதுர கி.மீ., தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்கு. திருவள்ளூரில் மழை என்பதற்காக நாகப்பட்டினத்துக்கும் சேர்த்து மஞ்சள் பூசினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும். நிறத்தோடு நிறுத்தாமல், அறிக்கையின் வரிகளில் ‘சாங்தாங்’, ‘நியோமா’ என்று தனியாகச் சொல்லியிருக்கிறார்களா பாருங்கள். ஆரஞ்சும் சிவப்பும் வந்தால் மட்டும் எந்த ஆராய்ச்சியும் வேண்டாம், லேயிலேயே இருந்துவிடுங்கள்.

வானிலைத் துறையின் ‘மௌசம்கிராம்’ சேவையில் உங்கள் புள்ளியைத் தட்டினால் முதல் 36 மணி நேரத்துக்கு மணிக்கொரு கணிப்பும், ஐந்தாம் நாள் வரை மூன்று மணிக்கொரு கணிப்பும் கிடைக்கும். இது, ஐரோப்பிய மாடல், அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். மாடல், இந்த மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால் தைரியமாக எழுதலாம். இரண்டு ஒரு பக்கமும் ஒன்று எதிர்ப்பக்கமும் நின்றால் ‘அநேகமாக’ என்று எழுதுங்கள். ஐந்து நாளைக்கு மேல் எந்த மாடல் என்ன சொன்னாலும் போக்கை மட்டும் பாருங்கள், எண்ணைப் பார்க்காதீர்கள்.

ரேடார் பற்றி ஒரு வார்த்தை. 2022 ஜனவரியில் லேயில் ஒரு டாப்ளர் ரேடாரை நாட்டுக்கு அர்ப்பணித்தார்கள், சென்னைக்கு ஒன்று வந்த அதே நாளில். ஆனால் லேயிலிருந்து ஹன்லே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 200 கி.மீ. இடையில் மலைத்தொடர்கள் வேறு. ரேடார் படத்தில் ஹன்லே பக்கம் காலியாகத் தெரிந்தால் அங்கே மழை இல்லை என்று அர்த்தமில்லை, ரேடாருக்கு அங்கே கண் இல்லை என்று அர்த்தம்.

ஏழாம் படி: ஊரில் ஒருவரைக் கேளுங்கள்

இத்தனை படத்துக்கும் பிறகு ஒரு போன். ஹன்லேயில் உள்ளூர் மக்களுக்குப் பயிற்சி கொடுத்து, தொலைநோக்கியும் கொடுத்து, வானியல் தூதர்களாக ஆக்கியிருக்கிறார்கள். வீட்டில் தங்க இடம் தருபவர்கள் சிலர் அவர்களே. ‘ஜூலே, ஆச்சோ-லே’ என்று அண்ணனை அழைப்பதுபோல ஆரம்பித்து, வானிலை எப்படி என்று பொதுவாகக் கேட்காமல், குறிப்பாகக் கேளுங்கள். நேற்று ராத்திரி எத்தனை மணி வரை நட்சத்திரம் தெரிந்தது? காலையில் வாளித் தண்ணீர் எவ்வளவு தடிமனாக உறைந்திருந்தது? லோமாவிலிருந்து வண்டிகள் வருகின்றனவா? இந்த மூன்று பதிலும் ஆப்பின் நேற்றைய கணிப்பு எவ்வளவு தப்பியது என்று காட்டிக்கொடுத்துவிடும். நேற்று ஆப் சொன்னதைவிட ஊரில் நான்கு டிகிரி குளிர் அதிகம் என்று தெரிந்தால், நாளைக்கும் அந்த நான்கைக் கழித்துக்கொள்ளுங்கள். வானம் தெளிவாகவே தொடரும் நாட்களில் இதைவிட நல்ல திருத்தம் எந்த மாடலும் தராது.

எட்டாம் படி: எழுதுங்கள்

மனக்கணக்கு வேண்டாம், தாளில் எழுதுங்கள். செப்டம்பர் கடைசி வாரத்துக்கு நான் எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும். எண்கள் மாதிரிக்குத்தான்.

“முதல் நாள்: வழி முழுக்க வெயில். ஹன்லேயில் பகல் 12 முதல் 14. மதியம் ஒரு மணிக்கு மேல் காற்று 30 கி.மீ. வரை, சமவெளியில் தூசி. இரவு தெளிவு, காற்று அடங்கும். விடியற்காலை பூஜ்யத்துக்குக் கீழே 4 முதல் 7. நம்பிக்கை அதிகம்.
இரண்டாம் நாள்: காலை தெளிவு. மாலையிலிருந்து மேற்கே உயர்மேகம். இரவு பத்து மணி வரை நட்சத்திரம் கிடைக்கும், அப்புறம் சந்தேகம். குளிர் முதல் இரவைவிடக் குறைவு. நம்பிக்கை நடுத்தரம்.
மூன்றாம் நாள்: இடையூறு கடக்கும். ஊரில் சில துளி பனி, 5,000 மீட்டருக்கு மேல் சாலையில் பனி படியலாம். சாங் லா வழி வேண்டாம், சிந்து வழியாகவே திரும்பலாம். நம்பிக்கை நடுத்தரம்.”

ஒவ்வொரு வரியிலும் மணி, இடம், நம்பிக்கை என மூன்றும் இருப்பதைக் கவனியுங்கள். ‘மேகமூட்டம், 13 டிகிரி’ என்று ஒற்றை வரி எழுதினால் அதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. மேலே இருப்பதை வைத்து, நட்சத்திரம் பார்க்க முதல் இரவுதான் உருப்படியான இரவு, போய் இறங்கிய களைப்பில் தூங்கிவிடக் கூடாது என்று உடனே தெரிகிறது. ஆனால் உடம்பு ஒத்துழைக்க வேண்டும். லேயில் குறைந்தது 48 மணி நேரம் ஓய்வெடுக்காமல் ஹன்லே போகக் கூடாது. வானம் நாளைக்கே தெளிவாக இருக்கிறதே என்று இந்த ஓய்வை வெட்டுவது முட்டாள்தனம். தலைவலியும் வாந்தியுமாக இருப்பவருக்குப் பால்வீதி எதற்கு?

கடைசியாக, கிளம்பும் நேரம். ஐரோப்பிய மாடலின் காலை ஓட்டம் நம் நேரப்படி மதியவாக்கில்தான் முழுதாக வந்து சேரும். புறப்படுவதற்கு முந்தைய நாள் பிற்பகலில் ஒருமுறையும், படுக்கப் போகும் முன் செயற்கைக்கோள் படத்தை ஒருமுறையும் பாருங்கள். காலையில் சாலை திறந்திருக்கிறதா என்று டாக்சி ஸ்டாண்டில் கேட்டால் போதும். தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் லேயை விட்டுக் கிளம்பினால் பல இடங்களில் சிக்னல் இருக்காது. ஆகவே மூன்று நாள் கணிப்பையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, எழுதிய தாளை மடித்து ஓட்டுநரிடமும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள். வழியில் மேற்கு வானத்தில் கீற்று மேகம் நீங்கள் எழுதியதற்கு முன்பே தெரிந்தால், இரண்டாம் நாளுக்கு எழுதியதை அரை நாள் முன்னால் நகர்த்திக்கொள்ளுங்கள்.